மூக்குக் கண்ணாடியும் நிலவொளிப் புலியும்
அமானுஷ்யத் துப்பறிவாளர்களைப் பற்றிய ஜப்பானிய மாங்கா படக்கதைகள்: ஓர் ஆய்வு

யோகோஹாமா ஆற்றங்கரை. சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு பெண் போலீஸ் அதிகாரியின் உடலை ஆற்றிலிருந்து எடுத்திருக்கிறார்கள். தடயம் எதுவும் கிடைக்காமல் காவலர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். எடோகாவா ரம்போ என்ற இளைஞன் அலட்டிக்கொள்ளாமல் வருகிறான், பையிலிருந்து ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டுகிறான், சடலத்தை ஒருமுறை பார்க்கிறான். கொலையாளி இதோ இங்கேயே நிற்கிறான் என்று பக்கத்திலிருக்கும் இளம் காவலரைக் காட்டுகிறான். சொன்னது சரியாகவே இருக்கிறது. கண்ணாடியை மாட்டியதும் உண்மை தெரிந்துவிடும், அதுதான் தன் அமானுஷ்ய ஆற்றல் என்று ரம்போ மனதார நம்புகிறான்.

ரம்போ வேலை பார்க்கும் துப்பறியும் நிறுவனத்துக்குப் புதிதாக வந்திருக்கும் அட்சுஷி வாயடைத்துப் போகிறான். அப்போது மூத்தவனான தஸாய் அவனிடம் ஒன்றைச் சொல்கிறான்: ரம்போவுக்கு ஆற்றல் எதுவும் கிடையாது. அவன் பார்த்தது, யோசித்தது, அவ்வளவுதான்.

‘புங்கோ ஸ்ட்ரே டாக்ஸ்’ மாங்காவின் தொடக்கப் பகுதியில் வரும் காட்சி இது. புலியாக மாறுகிறவனும், தொட்ட மாத்திரத்தில் பிறர் சக்தியை அணைத்துவிடுகிறவனும், சாகக் கிடப்பவரை எழுப்பும் மருத்துவரும் வேலை பார்க்கிற துப்பறியும் நிறுவனத்தில், துப்பறிவதில் எல்லாரையும் மிஞ்சியவன் ஒரு சாதாரண மனிதன். அமானுஷ்யத் துப்பறிவாளர் கதைகள் எல்லாவற்றையும் துரத்திவரும் ஒரு கேள்விக்கு ஆசிரியர் இங்கே தன் பதிலைச் சொல்லிவிடுகிறார். துப்பறிவாளனுக்கு மந்திர சக்தி இருந்தால், துப்பறிய மிச்சம் என்ன இருக்கும்?

பேய்க்குப் பூட்டிய கதவு

இந்தக் கேள்வி புதிதல்ல. பிரிட்டனில் பாதிரியாராகவும் துப்பறியும் நாவலாசிரியராகவும் இருந்த ரொனால்ட் நாக்ஸ் 1929இல் இவ்வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். அவற்றில் ஒன்று, அமானுஷ்யத்துக்கு இங்கே இடமில்லை என்பது. காரணம் எளியது. துப்பறியும் கதை எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் நடுவே நடக்கும் ஆட்டம். இருவர் கையிலும் ஒரே சீட்டுகள் இருக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் சுவரை ஊடுருவி ஆவி வரலாம் என்றால் வாசகர் எதை வைத்து ஊகிப்பார்?

ஜப்பானிய மரபும் வெகுகாலம் இதே எல்லைக்குள்தான் நின்றது. ஒகாமோட்டோ கிடோ 1917இல் எழுதத் தொடங்கிய ஹன்ஷிச்சி கதைகளில் எடோ காலத்து நகரக் காவலர் ஒருவர் துப்பறிகிறார். முதல் கதையிலேயே ஒரு பெண்ணின் ஆவி நனைந்த கோலத்தில் இரவில் வந்து நிற்கிறது. கதை முடியும்போது அதன் பின்னால் மனிதர் கை இருப்பது தெரிகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் யோகோமிசோ செய்ஷி எழுதிய கிந்தாயிச்சி கோசுகே நாவல்களில் சாபம் பிடித்த கிராமங்களும் பழிவாங்கும் ஆவிகளும் நிறைய. ஆனால் சாபத்துக்கு அடியில் சொத்துத் தகராறும் குடும்ப ரகசியமும் இருக்கும். பேய் முதல் அத்தியாயத்தில் வந்து பயமுறுத்தலாம். கடைசி அத்தியாயத்தில் காரணத்துக்கு வழிவிட்டு விலகிவிட வேண்டும்.

1992இல் தொடங்கிய ‘கிந்தாயிச்சி ஷோனென்’, 1994இல் தொடங்கிய ‘துப்பறிவாளர் கோனான்’ இரண்டும் மாங்காவில் அந்த மரபைத் தொடர்ந்தன. கோனானில் மட்டும் ஒரு சின்ன மீறல் உண்டு. பதினேழு வயதுப் பையனை ஒரு மருந்து சிறுவனாக்கிவிடுகிறது. அந்த ஒன்றை ஒத்துக்கொண்டால் மற்ற வழக்குகள் அனைத்தும் கயிறு, கண்ணாடி, ரயில் நேரம் என்று நாம் புழங்கும் பொருள்களைக் கொண்டே தீர்கின்றன.

கதவு திறந்தபோது

அதே தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் வேறு சிலர் அந்தப் பூட்டை உடைத்தார்கள். உடைத்த விதம் ஆளுக்கு ஒன்று.

தொகாஷி யோஷிஹிரோவின் ‘யு யு ஹகுஷோ’ 1990 முதல் 1994 வரை வந்தது. ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் விபத்தில் செத்த அடாவடி மாணவன் யூசுகே, உயிர் திரும்பக் கிடைத்து, ஆவியுலகின் துப்பறிவாளனாக நியமிக்கப்படுகிறான். ஆனால் தொடர் போகப் போகத் துப்பறிவது பதவிப் பெயரில் மட்டும் தங்கிவிட்டது. சண்டைப் போட்டிகள் கதையை விழுங்கின. அறிவால் திறக்க வேண்டிய கதவை அடித்து உடைக்க முடியுமென்றால், எந்த நாயகனும் சாவியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டான்.

‘சைக்கோமெட்ரர் எய்ஜி’ 1996இல் எச்சரிக்கையாக ஒரு வழியைப் பிடித்தது. எய்ஜி ஒரு பொருளைத் தொட்டால் அதனோடு ஒட்டிய நினைவுகள் காட்சியாகத் தெரியும், ஆனால் துண்டு துண்டாக. ஒரு கை, ஒரு சுவர், பாதி முகம். அவற்றைக் கோத்துப் பொருள் காண்பது அவனும் அவனோடு வேலை செய்யும் பெண் துப்பறிவாளரும் செய்ய வேண்டிய வேலை. ஆற்றல் இங்கே தடயத்தைத் தருவதோடு நின்றுகொள்கிறது.

2003 முதல் 2006 வரை வந்த ‘டெத் நோட்’ நாக்ஸுக்கு நேராகவே பதில் சொன்னது எனலாம். ஒருவரின் முகத்தை மனதில் நினைத்துப் பெயரை நோட்டில் எழுதினால் அவர் சாவார். இதைவிட அப்பட்டமான அமானுஷ்யம் இருக்க முடியாது. ஆனால் அந்த நோட்டுக்கு விதிகள் உண்டு, அவற்றை வாசகரும் படிக்கிறார். எதிரே நிற்கும் எல் என்ற துப்பறிவாளனுக்கு எந்தச் சக்தியும் இல்லை. மரண தண்டனைக் கைதி ஒருவனைத் தன் பெயரில் தொலைக்காட்சியில் பேச வைக்கிறான். உலகம் முழுக்க ஒளிபரப்பு என்று அறிவித்துவிட்டு காந்தோ வட்டாரத்தில் மட்டும் காட்டுகிறான். அந்தக் கைதி திரையிலேயே செத்து விழுந்ததும் கொலையாளி எந்த வட்டாரத்தில் இருக்கிறான் என்பது தெரிந்துபோகிறது. மந்திரம் இருந்தாலும் விதி தெரிந்திருந்தால் ஆட்டம் நியாயமானதுதான் என்பதை இந்தத் தொடர் காட்டியது.

மட்சுயி யூசெயின் ‘மாஜின் தந்தேய் நோகாமி நியூரோ’ 2005இல் வந்தது. புதிர்களைத் தின்று உயிர்வாழும் அரக்கன் நியூரோ, அரக்க உலகின் புதிர்களைத் தின்று தீர்த்துவிட்டு மனித உலகத்துக்கு வருகிறான். யார், எப்படி என்பதெல்லாம் அவனுக்கு நொடி வேலை. ஏன் என்பதுதான் அவனுக்குப் பிடிபடாது. அதற்கு, தன் முகமூடியாக அவன் வைத்திருக்கும் பள்ளி மாணவி யாகோ தேவைப்படுகிறாள்.

ஷிரோதைரா கியோவின் நாவலிலிருந்து 2015இல் மாங்காவாகிய ‘கியோகோ சுய்ரி’ இதற்கும் ஒரு படி மேலே போனது. நாயகி கோத்தோகோவுக்கு யோகாய்கள் எனப்படும் மாய உயிரிகள் உண்மையை நேரில் வந்து சொல்லிவிடுகின்றன. ஆனால் யோகாய் சொன்னது என்று யாரிடம் போய்ச் சொல்வது? மனிதர்கள் நம்பும்படி, ஓட்டையில்லாத தர்க்கத்தோடு ஒரு பொய்யை அவள் கட்ட வேண்டும். இணைய வதந்தியிலிருந்து உருவெடுத்த ஓர் ஆவியைக்கூட, வதந்தியை விஞ்சும் பொய்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கித்தான் கரைக்கிறாள்.

இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. முதல் தொடரில் ஆற்றல் கேள்வியையே விழுங்கிவிட்டது. மற்ற நான்கும் பிழைத்தது கேள்வியை வேறு இடத்துக்கு நகர்த்தியதால். காட்சிக்கு என்ன பொருள், விதி என்ன, நோக்கம் என்ன, உண்மையை எப்படிச் சொல்வது என்று அது நகர்ந்தது. ‘புங்கோ ஸ்ட்ரே டாக்ஸ்’ இதே பாதையில் வந்து, யாரும் போகாத ஓரிடத்துக்குக் கேள்வியைக் கொண்டுபோனது. அந்த இடம் நூலகம்.

பெயரே தடயம்

‘புங்கோ’ என்றால் பெரும் எழுத்தாளர். பின்பாதி ஆங்கிலம், தெருநாய்கள் என்று பொருள். அசாகிரி காஃப்கா எழுத, ஹருகாவா சாங்கோ வரைய, கதோகாவா நிறுவனத்தின் ‘யங் ஏஸ்’ இதழில் 2012 டிசம்பரில் தொடங்கியது. போன்ஸ் நிறுவனத்தின் அனிமே 2016இல் ஒளிபரப்பாகி, 2023க்குள் ஐந்து பருவங்களைக் கண்டது. நடுவில் 2018இல் ஒரு திரைப்படமும் வந்தது.

இதில் வரும் முக்கியப் பாத்திரங்கள் பெரும்பாலும் உண்மையில் வாழ்ந்த எழுத்தாளர்களின் பெயரைத் தாங்கியவை. அவர்களுடைய ஆற்றலின் பெயர், அந்த எழுத்தாளரின் படைப்பிலிருந்து வருவது. கஜீ மோத்தோஜிரோ 1925இல் எழுதிய ‘எலுமிச்சை’ கதையில் மனம் சோர்ந்த ஒருவன், மாருசென் புத்தகக் கடையில் அடுக்கிய ஓவிய நூல்களின் மேல் ஓர் எலுமிச்சையை வைத்துவிட்டு, அது குண்டாக வெடித்தால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்தபடி நடந்துபோகிறான். மாங்காவில் வரும் கஜீ, எலுமிச்சை வடிவக் குண்டுகளை வீசுகிறவன். கதையை வாசித்தவர் சிரிப்பார். வாசிக்காதவர், இந்த ஆள் ஏன் எலுமிச்சையைக் கட்டி அழுகிறான் என்று விழிப்பார், பிறகு தேடுவார். யார் கொன்றது என்று ஊகித்துக்கொண்டிருந்த வாசகருக்கு இந்தத் தொடர் வேறொரு துப்பு வேலை கொடுத்துவிட்டது. ஒவ்வொரு ஆற்றலும் ஒரு புத்தகத்தை நோக்கிப் போகும் காலடித் தடம்.

இந்த உத்தி எப்போதும் ஆழமாகப் போவதில்லை. அமெரிக்க எழுத்தாளர்களின் கூட்டமான ‘கில்ட்’ வரும்போது, ஃபிட்ஸ்ஜெரால்ட் செலவழிக்கும் பணத்தின் அளவுக்கு வலிமை பெறுகிறான், மெல்வில்லின் மோபி டிக் வானில் மிதக்கும் கோட்டையாகிறது. நல்ல வேடிக்கை, அவ்வளவே. தொடரின் முழு வீச்சைக் காண யோசானோ அகிகோவிடம் வர வேண்டும்.

ருஷ்ய-ஜப்பானியப் போரின்போது, 1904இல், போர்ட் ஆர்தர் முற்றுகையில் இருந்த தன் தம்பியை நினைத்து, நீ செத்துவிடாதே என்று மன்றாடும் கவிதை ஒன்றை யோசானோ எழுதினார். நாடே போர்வெறியில் இருந்த நேரம். தேசத்துரோகி என்ற ஏச்சுக்கு அந்தக் கவிதை ஆளானது. மாங்காவின் யோசானோ, நிறுவனத்தின் மருத்துவர். அவளுடைய ஆற்றலின் பெயர் அந்தக் கவிதையின் தலைப்பு. எவ்வளவு பெரிய காயத்தையும் ஆற்றுவாள், ஆனால் காயம் பட்டவர் சாவின் விளிம்பில் இருக்க வேண்டும். சின்னக் காயத்தோடு வருகிறவரை அவளே வெட்டி விளிம்புக்குக் கொண்டுபோய்ப் பிறகு குணமாக்குவது தொடரில் திரும்பத் திரும்ப வரும் கறுப்பு நகைச்சுவை.

வெகுநாள் கழித்து அந்த நகைச்சுவையின் வேர் தெரிகிறது. சிறுமியாக இருந்தபோது ராணுவ மருத்துவன் மோரி ஓகாய் அவளைப் போர்முனைக்குக் கொண்டுபோயிருக்கிறான். அடிபட்டு வரும் வீரர்களை அவள் குணமாக்குகிறாள், அவர்கள் மறுபடி களத்துக்கு அனுப்பப்படுகிறார்கள், மறுபடி சிதைந்து வருகிறார்கள், மறுபடி குணமாகிறார்கள். சாகவும் முடியாமல் வீடு திரும்பவும் முடியாமல், தன்னிடம் அன்பாக இருந்த ஒரு வீரன் தூக்கிட்டுக்கொண்டதை அந்தச் சிறுமி பார்க்கிறாள். தம்பி சாகக்கூடாது என்று அக்காள் கேட்டது அவன் வீடு வந்து சேர வேண்டும் என்பதற்காக. அந்த வேண்டுதலின் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பொருளைக் கழற்றிவிட்டால் போருக்கு எவ்வளவு வசதியான கருவியாகிவிடும் என்பதை மாங்கா காட்டுகிறது. அந்தக் கவிதைக்கு இப்படியொரு வாசிப்பு விமர்சன நூல்களில்கூட எளிதில் கிடைக்காது. நிஜ வாழ்வில் மோரி ஓகாய் பெரும் நாவலாசிரியர், அதே போரில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அசாகிரி எத்தனை இழைகளை ஒரே முடிச்சில் போட்டிருக்கிறார் என்பது விளங்கும்.

தலைகீழான கடன்கள்

எழுத்தாளர்களுக்குள் இருந்த உறவுகளை இந்த மாங்கா அடிக்கடி தலைகீழாக்குகிறது. இதுவும் தற்செயலாக நடந்ததல்ல.

நிஜ தஸாய் ஒசாமு இளமையில் அகுதாகவா ரியூனோசுகேயைத் தெய்வமாகக் கொண்டாடியவர். அகுதாகவா 1927இல் முப்பத்தைந்து வயதில் தற்கொலை செய்துகொண்டது, அப்போது மாணவராக இருந்த தஸாயை உலுக்கியது. 1935இல் அகுதாகவா பெயரில் பரிசு நிறுவப்பட்டபோது தஸாயின் படைப்பும் பரிசீலனையில் இருந்தது. கிடைக்கவில்லை. அதைப் பெற்றுத் தரும்படி நடுவர்களில் ஒருவரான சாத்தோ ஹருவோவுக்கு அவர் கெஞ்சிக் கடிதம் எழுதியது இலக்கிய உலகில் ஊரறிந்த கதை. மாங்காவில் இது அப்படியே திரும்புகிறது. துறைமுக மாஃபியாவின் கொலைகாரனான அகுதாகவா, முன்னாள் ஆசான் தஸாய் தன்னை ஒருமுறை பாராட்டிவிட மாட்டாரா என்று ஏங்கி ஏங்கியே எல்லாரையும் வெட்டித் தள்ளுகிறான்.

எடோகாவா ரம்போவின் இயற்பெயர் ஹிராய் தாரோ. எட்கர் ஆலன் போவின் பெயரை ஜப்பானிய நாவுக்கு வளைத்தே அந்தப் புனைபெயர் பிறந்தது. மாங்காவில் போ, முன்பு ரம்போவிடம் தோற்றுப்போனவன். அவனை ஒருமுறையாவது ஜெயித்துவிட வேண்டும் என்று ஒரு துப்பறியும் நாவலை எழுதிக்கொண்டு கடல் கடந்து வருகிறான். படிக்கிறவரை நாவலுக்குள் இழுத்துப் போடுவது அவனுடைய ஆற்றல். உள்ளே போய்விட்டால் யாருடைய ஆற்றலும் வேலை செய்யாது. யோசித்துக் கொலையாளியைக் கண்டுபிடித்தால்தான் வெளியே வர முடியும். சண்டைத் தொடர் ஒன்றின் நடுவே நாக்ஸின் பழைய உலகத்துக்கு ஓர் அறை ஒதுக்கி, அதன் சாவியை ஆற்றலே இல்லாத ரம்போவிடம் கொடுத்திருக்கிறார் ஆசிரியர்.

எல்லாவற்றையும் அவர் புரட்டிவிடவில்லை. டோக்கியோவின் கின்சா பகுதியில் 1928இல் திறந்த ‘லுபான்’ மதுக்கூடத்தில் தஸாய், சகாகுச்சி ஆங்கோ, ஓடா சகுனோசுகே மூவரும் குடித்தார்கள். 1946இல் ஹயாஷி தாதாஹிகோ அங்கே எடுத்த புகைப்படங்கள் ஜப்பானிய இலக்கிய வரலாற்றின் அழியாத படங்களாகிவிட்டன. மாங்காவிலும் மூவரும் அதே பெயருள்ள மதுக்கூடத்தில் உட்காருகிறார்கள். நிஜ ஓடா 1947 ஜனவரியில் காசநோயால் இறந்தார். மாங்காவின் ஓடா, ஆளைக் கொல்ல மறுக்கும் மாஃபியாக்காரன். நாவல் எழுத வேண்டும் என்ற ஆசை நிறைவேறாமலே சாகிறான். சாகும் தறுவாயில், மனிதரைக் காப்பாற்றும் பக்கம் போ என்று தஸாயிடம் சொல்லிவிட்டுப் போகிறான். தஸாய் துப்பறிவாளன் ஆனதற்கு வேறு காரணம் கிடையாது.

குறைகள்

துப்பறியும் கதை என்று நம்பி வருகிறவருக்கு இதில் ஏமாற்றம் உண்டு. ஆயுதம் தாங்கிய துப்பறியும் நிறுவனம் என்பது பெயர்தான். காவல்துறைக்கும் மாஃபியாவுக்கும் நடுவே, பகலுமில்லாத இரவுமில்லாத அந்தி நேரத்தைக் காக்கும் படையாகவே அது இயங்குகிறது. தஸ்தயேவ்ஸ்கியும் கோகலும் வில்லன்களாக வந்த பிறகு, ஒரு சதிக்குள் இன்னொரு சதி என்று முடிச்சுகள் பெருகுகின்றன. எதிராளி இதையும் முன்பே கணித்திருந்தான் என்ற திருப்பத்தை நான்காவது முறை பார்க்கும்போது வாசகருக்கு ஊகிக்கும் ஆசை போய்விடுகிறது. ‘யு யு ஹகுஷோ’வை விழுங்கிய அதே பசி இங்கேயும் இருக்கிறது.

இரண்டாவது குறை கனமானது. தஸாயின் தற்கொலை ஆசை தொடர் முழுக்க ஒரு நகைச்சுவை இழை. முதல் காட்சியிலேயே ஆற்றில் மிதந்து வருகிறான், அட்சுஷி இழுத்துப் போட்டுக் காப்பாற்றியதும் சலித்துக்கொள்கிறான். அழகான பெண்களைக் கூடச் சேர்ந்து சாக வருகிறாயா என்று கேட்கிறான். நிஜ தஸாய் 1948 ஜூனில் ஒரு பெண்ணோடு தமகாவா கால்வாயில் விழுந்து இறந்தார். உடல் கிடைத்த நாள், அவருடைய முப்பத்தொன்பதாவது பிறந்தநாள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பு கமாகுராவில் அவரோடு சாக முயன்ற இன்னொரு பெண் இறந்தார், அவர் பிழைத்தார். அந்தப் பெண்களுக்கு மாங்காவில் முகம் இல்லை. எழுத்தாளரின் கட்டுக்கதையைக் கொண்டாடும் வேகத்தில் அதற்கு விலை கொடுத்தவர்கள் காணாமல் போயிருக்கிறார்கள்.

பாலினத்தை மாற்றியது பற்றியும் பேச்சு உண்டு. நிஜத்தில் ஆண்களான இசுமி கியோகாவும் ஒசாகி கோயோவும் இங்கே பெண்கள். கோயோ ஆசான், கியோகா சீடர் என்ற உறவை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது குறையாகப் படவில்லை. ஆண்கள் நிரம்பி வழியும் ஓர் இலக்கிய வரலாற்றிலிருந்து ஆள் எடுக்கும்போது கண்டுபிடித்த வழி என்றே இதைக் கொள்ளலாம்.

புலி யார்?

தொடரின் முதல் வழக்குக்குத் திரும்புவோம். அநாதை இல்லத்திலிருந்து துரத்தப்பட்டுப் பட்டினி கிடக்கும் நாகாஜிமா அட்சுஷியை ஒரு புலி விடாமல் துரத்துகிறது. அந்தப் புலியைத்தான் நிறுவனமும் தேடுகிறது. நிலவு ஏறியதும் தெரிகிறது, புலி அட்சுஷியேதான். தேடப்படுகிறவனும் பயந்து ஓடுகிறவனும் ஒரே ஆள். அவனை அவர்கள் பிடித்துக் கொடுக்கவில்லை, வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். தலைவர் ஃபுகுசாவா யுகிச்சியின் ஆற்றல், தன் கீழ் இருப்பவர்கள் தங்கள் ஆற்றலைக் கட்டுக்குள் வைத்திருக்க உதவுவது. அதற்கு மனிதருக்கு மேல் மனிதரில்லை என்ற பொருளில் பெயர். மேஜி காலச் சிந்தனையாளரான நிஜ ஃபுகுசாவா 1872இல் வெளியிடத் தொடங்கிய ‘கல்விக்கு ஊக்கம்’ நூல் தொடங்குவதே அந்தக் கருத்தோடுதான். எல்லாரையும் சமமாக நடத்தும் ஓர் இடம் கிடைத்தால் உள்ளே இருக்கும் மிருகம் அடங்கும் என்று இதைப் படிக்கலாம்.

நிஜ நாகாஜிமா அட்சுஷி 1933 முதல் யோகோஹாமாவில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். ஆஸ்துமா அவரை வாழ்நாள் முழுக்க வாட்டியது. 1942 டிசம்பரில் முப்பத்து மூன்று வயதில் இறந்தார். அதே ஆண்டு வெளியான அவருடைய ‘சங்கெட்சுகி’, தாங் காலத்துச் சீனக் கதை ஒன்றிலிருந்து பிறந்தது. பெரும் கவிஞனாகும் ஆசையில் அரசாங்க உத்தியோகத்தை விட்ட லி செங், தோற்று, கூனிக் குறுகி, ஓர் இரவு காட்டுக்குள் ஓடிப் புலியாகிவிடுகிறான். பழைய நண்பன் ஒருவன் அந்த வழியாக வரும்போது, புதருக்குள் மறைந்தபடி, தான் ஏன் இப்படி ஆனேன் என்று சொல்லிப் பார்க்கிறான். திறமை இல்லை என்று தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் முழுமூச்சாக உழைக்கவில்லை, திறமை இருக்கிறது என்ற நினைப்பில் மற்றவரோடு சேரவும் இல்லை, இரண்டும் சேர்ந்து உள்ளே மிருகத்தை வளர்த்துவிட்டன என்பது அவன் கண்டுபிடிப்பு. ஜப்பானிய உயர்நிலைப் பள்ளிப் பாடநூல்களில் நீண்டகாலமாக இருந்துவரும் கதை இது.

லி செங்கும் ஒரு துப்பறிவாளன்தான். தன் வழக்கைத் தானே விசாரிக்கிறான், குற்றவாளியையும் சரியாகக் கண்டுபிடிக்கிறான். ஆனால் கண்டுபிடித்ததால் அவன் மனிதனாகிவிடவில்லை. அட்சுஷிக்குக் கிடைத்த மேஜையும் சம்பளமும் சகாக்களும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

கதோகாவா நிறுவனம் இந்த எழுத்தாளர்களின் மூல நூல்களை மாங்கா ஓவிய அட்டையோடு மலிவுப் பதிப்பாகவும் வெளியிட்டிருக்கிறது. அட்சுஷியின் முகம் பார்த்து அந்தப் புத்தகத்தை எடுக்கிற ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை உள்ளே தன் நாயகனைத் தேடிக்கொண்டு போகும். சண்டையும் இருக்காது, துப்பறியும் நிறுவனமும் இருக்காது. விடியப்போகும் நேரத்தில் ஒரு புலி புதரிலிருந்து வெளியே வந்து, நண்பன் பார்க்க நிலவை நோக்கி இரண்டு மூன்று முறை உறுமிவிட்டு, மறுபடி புதருக்குள் போய்விடும்.